9 இரவு, 7 ஊர்: இத்தாலியில் எதை விடுவது?

சித்தி மகள் குடும்பத்தோடு அக்டோபரில் இத்தாலி போகிறாள். அவள், மாப்பிள்ளை, பன்னிரண்டு வயது மகன், மாமியார் என்று நாலு பேர். விமானத்தில் கழியும் நாட்கள் போக கையில் 9 இரவு. போன வாரம் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள்: மிலான், வெனிஸ், புளோரன்ஸ், பீசா, சியெனா, ரோம், நேப்பிள்ஸ். கூடவே ஒரு கேள்வி. "அண்ணா, இதுல இன்னும் எதையாவது சேர்க்கணுமா?"

சேர்ப்பதா! அடித்துத் தள்ள வேண்டியதே நாலு இருக்கிறது.

யாருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டேன். மாப்பிள்ளைக்குப் பழைய சரித்திரம். பையனுக்கு எரிமலை. அவளுக்கு வெனிஸ் கால்வாயில் ஒரு சாயங்காலம். மாமியார் மட்டும் "எனக்கென்ன, ஒரு கோவில்ல கொஞ்ச நேரம் உட்கார விட்டா போதும்" என்றாராம். இத்தாலியில் கோவிலுக்கா பஞ்சம் என்று நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

நான் முதல் தடவை போனபோது 8 நாளில் 5 ஊர் போட்டேன். இன்று யோசித்தால் ஊர்களைவிட ரயில் நிலையங்கள்தான் நன்றாக நினைவிருக்கின்றன. ஊர் மாறும் நாள் எப்படிப் போகும் தெரியுமா? காலை பத்து, பத்தரைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். பெட்டியை உருட்டிக்கொண்டு நிலையம், ரயில், மறுபடி உருட்டல். புது ஊரில் மூன்று மணிக்கு முன்னால் அறை கிடைக்காது. ஒரு ஊரில் என் தங்குமிடம் நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை, அதை முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. குளித்து, சாப்பிட்டு வெளியே வந்தபோது மணி ஐந்து. ஆக, ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை நாள் காவு. 7 ஊர் என்றால் 6 மாற்றம், அதாவது மூன்று முழு நாள். இவள் பட்டியல்படி போனால் 9 இரவில் மூன்று நாள் பெட்டி தள்ளுவதிலேயே போய்விடும்.

அதனால் என் கணக்கு எப்போதும் இதுதான்: 9 இரவுக்கு 3 ஊர். வேறு ஏதாவது பார்த்தே ஆகவேண்டும் என்றால் அங்கிருந்து காலையில் போய் இரவு திரும்பலாம், பெட்டி அசையக்கூடாது. விசா விண்ணப்பத்தோடு தங்குமிடப் பதிவையும் காட்ட வேண்டும் என்பதால், போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இழுக்கவும் முடியாது. ஊரை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

நல்ல வேளை, முக்கியமான ஊர்கள் எல்லாம் ஒரே அதிவேக ரயில் பாதையில் மணி கோத்ததுபோல இருக்கின்றன. நேப்பிள்ஸிலிருந்து ரோம் ஒரு மணி பத்து நிமிடம். ரோமிலிருந்து புளோரன்ஸ் ஒன்றரை மணி. அங்கிருந்து போலோன்யா நாற்பது நிமிடம்கூட ஆகாது. போலோன்யாவிலிருந்து வெனிஸ் இன்னொரு ஒன்றரை மணி. இதில் பலர் செய்யும் தவறு, ரோமில் இறங்கி, வடக்கே வெனிஸ் வரை போய், விமானத்துக்காக மறுபடி ரோமுக்கே திரும்புவது. அது நாலு மணி நேர ரயில், நாலு பேர் டிக்கெட், ஒரு நாள். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை, வளைகுடா வழியாகத்தான் பெரும்பாலும் போவோம். அந்த விமானங்கள் ரோமுக்கும் போகின்றன, வெனிஸுக்கும் போகின்றன. ஒரு முனையில் இறங்கி மறு முனையில் ஏறுகிற மாதிரி டிக்கெட்டைப் போட்டுப் பாருங்கள்.

சரி, ஊர்களுக்கு வருவோம்.

ரோமைப் பற்றி விவாதமே இல்லை. வேறு எதை விட்டாலும் இதை விடமுடியாது, நாலு இரவுக்குக் குறைக்கவும் முடியாது. கொலோசியம் பெரியது என்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. மற்ற ஊர்களில் ஒரு நூற்றாண்டு இருக்கும், ரோமில் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கிறது. கொலோசியத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் நடந்து போகிற தூரத்தில் சான் கிளெமெந்தே என்று ஒரு தேவாலயம் உண்டு. தெருவிலிருந்து நுழைவது 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். படியிறங்கினால் 4-ஆம் நூற்றாண்டு தேவாலயம். இன்னும் கீழே போனால் முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடங்கள், அவற்றினிடையே மித்ரா தெய்வத்துக்கு ஒரு வழிபாட்டிடம். அடியில் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். கொலோசியத்தில் இல்லாத ஒன்று அங்கே எனக்குக் கிடைத்தது. காலத்துக்குள் படியிறங்கிப் போகிற உணர்வு.

கொலோசியம் கி.பி. 80-ல் திறக்கப்பட்டது. அதே டிக்கெட்டில் பக்கத்திலிருக்கும் ஃபோரமும் (பழைய ரோமின் பொதுச் சதுக்கம்) பலத்தீன் குன்றும் சேர்த்தி. பலர் கொலோசியத்தை மட்டும் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் கடைக்குப் போய்விடுகிறார்கள், அது நஷ்டம். ஃபோரத்தின் ஓரத்தில், மாக்ஸென்டியஸ் மண்டபம் நிற்கிற இடத்தில்தான் முன்பு பேரரசர் தொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்குகள் இருந்தன. அந்த மிளகு நம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து போனது. வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியதும், புதுக்கோட்டைப் பக்கம் ரோமானியப் பொற்காசுகள் கும்பலாகக் கிடைத்ததும் ஒரே கணக்கின் வரவும் செலவும். மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னதும் ஃபோரத்துக்கு ஒரு முழு காலைப்பொழுதை ஒதுக்கிவிட்டார்.

பாந்தியன் இன்னொரு அதிசயம். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் கட்டிய ரோமானியக் கோவிலின் குவிமாடம், குறுக்களவு 43 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், தரையிலிருந்து உச்சி வரையும் அதே அளவு. உள்ளே இரும்புக்கம்பி கிடையாது, வெறும் காங்கிரீட். உச்சியில் திறந்த வட்டம். மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும், தரையில் சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கின்றன. முன்பு இலவசமாக இருந்தது, 2023-ல் 5 யூரோ கட்டணம் வைத்தார்கள். செலவே இல்லாமல் பார்க்கவும் நிறைய உண்டு. பாந்தியனுக்குப் பக்கத்தில் சான் லுயிஜி தேய் ஃபிரான்செஸி தேவாலயத்தில் கரவாஜியோவின் மூன்று ஓவியங்கள் சுவரில் மாட்டியபடி இருக்கின்றன. நடந்து உள்ளே போய்ப் பார்க்கலாம், யாரும் காசு கேட்பதில்லை.

ரோமின் தொந்தரவு கால்களுக்குத்தான். சின்னச் சின்னக் கருங்கல் பாவிய தெருக்கள், நல்ல ஷூ இல்லாவிட்டால் இரண்டாம் நாளே முழங்கால் பேசும். தெருவெங்கும் மூக்கு மாதிரி வளைந்த குழாயில் குடிதண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு பாட்டில் கையில் இருந்தால் போதும். தோளும் முழங்காலும் மூடிய உடை எல்லாத் தேவாலயங்களுக்கும் வேண்டும். வாட்டிகன் அருங்காட்சியகம் ஞாயிறு மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்று அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அடுத்தது, நான் எப்போதும் சண்டை போடும் இடம். முதல் தடவை போகிறவர்கள் எல்லோரும் புளோரன்ஸை வைத்துக்கொண்டு நேப்பிள்ஸை அடிக்கிறார்கள். குப்பை, திருட்டு, சத்தம் என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். சத்தம் உண்மை. ஸ்கூட்டர் நடைபாதையில் ஏறும். மாடிக்கு மாடி துணி தொங்கும். தெரு மூலையில் மாதாவுக்குச் சின்ன மாடம், அதற்குச் சீரியல் லைட். சூரிச்சிலிருந்து வருகிறவருக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம், தி.நகரில் தீபாவளிக்குத் துணி எடுத்தவர்களுக்கு என்ன பயம்? பர்ஸை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ரங்கநாதன் தெருவில் செய்கிறதுதானே.

நேப்பிள்ஸுக்குப் போகிற காரணம் கி.பி. 79. வெசூவியஸ் வெடித்து பொம்பெயியும் ஹெர்குலேனியமும் புதைந்த வருடம். இரண்டையும் ஒரே மாதிரி என்று நினைக்க வேண்டாம். பொம்பெயி ஒரு முழு நகரம், சுமார் 66 ஹெக்டேர், இன்னும் மூன்றில் ஒரு பங்கு தோண்டப்படவில்லை. கல் தெருவில் வண்டிச்சக்கரம் உழுத தடம், மழைநாளில் தெருவைத் தாண்ட வைத்த உயரக் கற்கள், ரொட்டிக் கடையின் எந்திரக்கல், சூடாகச் சாப்பாடு விற்ற கடைகளில் பானை பதித்த மேடை. நிழல் மட்டும் கிடையாது. பையனுக்கும் மாப்பிள்ளைக்கும் இது சொர்க்கம், மாமியாருக்குத் தண்டனை. ஹெர்குலேனியம் சின்னது, இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பொம்பெயியின் மேல் சாம்பலும் நுரைக்கல்லும் மழையாகக் கொட்டின. இங்கே கொதிக்கும் வாயுவும் சாம்பலும் சேர்ந்த பிரவாகம் வந்து மூடியது. அதனால் மரம் எரிந்து சாம்பலாகாமல் கரியாகவே நின்றுவிட்டது. மாடி வீடு, மரத் தடுப்பு, கட்டில் எல்லாம் மரமாகவே மிச்சம். கடற்கரைப் படகுக் கூடங்களில் சுமார் 300 பேரின் எலும்புகள் கிடைத்தன, தப்பிக்கக் காத்திருந்தவர்கள். நாலு பேரும் சேர்ந்து ஒன்றுதான் என்றால் நான் ஹெர்குலேனியம் சொல்வேன். இரண்டுக்கும் நேப்பிள்ஸிலிருந்து ஒரே உள்ளூர் ரயில். ஹெர்குலேனியம் இருபது நிமிடம், பொம்பெயி நாற்பதுக்குள். நெரிசலான பழைய ரயில்தான், நம் ஊர் மின்சார ரயில் பழகியவர்களுக்கு ஒன்றும் புதிதில்லை. பொம்பெயிக்கு 2024 நவம்பரிலிருந்து நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்துவிட்டார்கள், டிக்கெட்டில் பெயரும் இருக்கும். முன்பதிவு செய்துவிடுங்கள்.

"ரோமிலிருந்தே பொம்பெயி போய்த் திரும்பலாமே, எதுக்கு நேப்பிள்ஸில் தங்கணும்?" என்று கேட்டாள். போகலாம், பலரும் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் பொம்பெயியில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் வெற்றுச் சுவர். அங்கே கிடைத்த ஓவியங்கள், மொசைக்குகள், வெண்கலச் சிலைகளில் மிகச் சிறந்தவை நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முதல் நாள் அருங்காட்சியகம், மறுநாள் நகரம் என்று பார்த்தால்தான் அந்தச் சுவர்களுக்கு மனசுக்குள் சாயம் பூச முடியும். இன்னொன்றும் அங்கே இருக்கிறது. 1938-ல் பொம்பெயியில் கிடைத்த, கால் மீட்டர் உயரமுள்ள யானைத்தந்தப் பெண்சிலை. லட்சுமி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், யட்சி என்றும் சிலர் சொல்கிறார்கள். எப்படியானாலும் இந்தியச் செதுக்கல், வெசூவியஸ் வெடிப்பதற்கு முன்பே கடல் தாண்டி வந்து சேர்ந்தது. நான் அதன்முன் வெகுநேரம் நின்றேன். ஒரு எச்சரிக்கை: அந்தச் சிலை இருப்பது 'ரகசிய அறை' என்கிற பகுதியில், சுற்றிலும் ரோமானியர்களின் சிருங்கார சமாசாரங்கள். பன்னிரண்டு வயதுப் பையனோடு போகிறவர்கள் முன்கூட்டி யோசித்துக்கொள்ளலாம். அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சைவர்களுக்கும் நேப்பிள்ஸ்தான் வசதி. மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் தவிர வேறு இல்லை, சீஸ்கூட கிடையாது. சீஸில் என்ன என்று கேட்பவர்களுக்கு: பார்மெசான், பெக்கொரீனோ போன்ற பழைய சீஸ்களைக் கன்றுக்குட்டி, ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியால்தான் உறையவைக்கிறார்கள். மாமியாருக்கு இது தெரிந்தால் ரோமின் புகழ்பெற்ற மிளகு பாஸ்தாவையும் தொடமாட்டார். சொல்வதா வேண்டாமா என்பது மருமகள் பாடு.

இப்போது புளோரன்ஸ். நான் அந்த ஊருக்கு எதிரியில்லை. ஓவியம், சிற்பம் என்றால் உயிர் என்பவர்கள் மேலே நான் சொன்னதை எல்லாம் மறந்துவிட்டு அங்கே மூன்று இரவு தங்குங்கள். உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. 1420-ல் தொடங்கி 1436-ல் புரூனெலெஸ்கி முடித்த பேராலயக் குவிமாடம், கீழிருந்து முட்டுக்கொடுக்கும் மரச்சாரம் இல்லாமல் எழுப்பியது. மேலே ஏற 463 படி, லிஃப்ட் இல்லை. அக்கதெமியா கலைக்கூடத்தில் மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை, 5 மீட்டருக்கு மேல் உயரம். சதுக்கத்தில் நிற்பது நகல். உஃபீஸி கலைக்கூடத்தில் போத்திசெல்லியின் ஓவியங்கள். புளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் கடைசி வாரிசான ஆன்னா மரியா லுயிசா, இந்தச் சொத்துகள் எதுவும் புளோரன்ஸை விட்டு வெளியே போகக்கூடாது என்று 1737-ல் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஒரு பத்திரத்தால்தான் இவ்வளவும் இன்னும் அங்கேயே இருக்கிறது. சான் மார்க்கோ மடத்தில் ஒவ்வொரு துறவியின் அறைச் சுவரிலும் ஃபிரா ஆஞ்செலிகோ குழுவினர் தீட்டிய ஒரு ஓவியம், கூட்டமும் குறைவு. எனக்கு உஃபீஸியைவிட அதுதான் பிடித்தது.

ஆனால் இந்த நாலு பேரைப் பாருங்கள். பையன் மூன்றாவது அறையில் நாற்காலி தேடுவான். மாமியாருக்கு 463 படி ஆகாது. மாப்பிள்ளைக்கு ரோமானியர் வேண்டும், இங்கே மறுமலர்ச்சி. அவளுக்கு மட்டும் ஆசை, அதுவும் "பார்க்காம வந்தேன்னு சொன்னா சிரிப்பாங்க" என்கிற ஆசை. சிரிப்பவர்களுக்காக மூன்று இரவு செலவழிக்க முடியுமா? திங்கட்கிழமை வேறு உஃபீஸியும் அக்கதெமியாவும் மூடியிருக்கும்.

பீசாவுக்கு ஒரு வரி போதும்: 1173-ல் கட்டத் தொடங்கிய கோபுரம் சாய்ந்துதான் நிற்கிறது, புகைப்படத்தில் பார்த்தது போலவே. சியெனா வேறு விஷயம். 1348-ல் கொள்ளைநோய் வந்து ஊரைப் பாதியாக்கியது. உலகத்திலேயே பெரியதாகக் கட்ட நினைத்த பேராலயத்தின் பெரிய நடுக்கூடம் அதோடு நின்றுபோய், முடிக்காத மொட்டைச் சுவராக இன்னும் நிற்கிறது. ஒரு ஊர் தன் தோல்வியை இடிக்காமல் வைத்திருப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். புளோரன்ஸில் தங்குகிறவர்கள் ஒரு நாளைத் தயங்காமல் சியெனாவுக்குக் கொடுங்கள், பேருந்தில் போங்கள். ரயில் நிலையம் குன்றுக்குக் கீழே இருக்கிறது. புளோரன்ஸே இல்லை என்றால் சியெனாவும் இல்லை. மிலானில் லியனார்தோவின் 'கடைசி இராவுணவு' டிக்கெட் கையில் இருந்தால் போங்கள். கால் மணி நேரம்தான் உள்ளே விடுவார்கள், டிக்கெட்டும் வெகுநாள் முன்பே தீர்ந்துவிடும். அது இல்லாமல் மிலானுக்கு ஒரு இரவு கொடுப்பது இந்தப் பயணத்துக்கு ஒட்டாது.

வெனிஸ். இதில் எனக்கு ஒரே ஒரு நிபந்தனை: தங்கினால் தீவுக்குள்ளேயே தங்குங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை வெனிஸ் ஒரு பொருட்காட்சி. பகல் பயணிகள் கூட்டம் தாங்காமல் 2024-ல் நுழைவுக் கட்டணமே வைத்துவிட்டார்கள். கூட்டம் மிகுந்த சில வசந்த, கோடை நாட்களில் பகலில் வந்து போகிறவர்களுக்கு 5 யூரோ, கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10. பழைய நகரத்தில் குடியிருப்பவர்களோ 50,000-க்கும் கீழே போய்விட்டார்கள். மாலை எட்டு மணிக்கு மேலும் விடியற்காலையிலும்தான் அந்த ஊர் ஊராக இருக்கிறது. தண்ணீர் படிக்கட்டில் மோதும் சத்தம், எங்கோ ஒருவர் செருப்புச் சத்தம், அவ்வளவுதான். செலவு மிச்சம் என்று கரைக்கு அந்தப் பக்கம் மெஸ்த்ரேயில் தங்குகிறவர்கள் சரியாக அந்த இரண்டு பொழுதுகளையும் ரயிலில் கழிக்கிறார்கள்.

கஷ்டமும் உண்டு. 400-க்கு மேல் பாலங்கள், பெரும்பாலானவற்றுக்கும் படி. பெட்டியோடும் முழங்கால் வலியோடும் நாலு பாலம் ஏறியிறங்கினால் காதல் எல்லாம் போய்விடும். படகுத்துறைக்குப் பக்கத்தில், இடையில் பாலம் இல்லாத இடமாகப் பார்த்துத் தங்குங்கள். இரவு வாடகை கூடினாலும் பரவாயில்லை. படகு டிக்கெட் 75 நிமிடத்துக்கு 9.50 யூரோ, அதனால் நாள் பாஸ் கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்டோபர் கடைசியில் உயர்நீர் வரலாம். 2020-லிருந்து கடல்வாயில் தடுப்புக் கதவுகளை எழுப்பி நிறுத்துகிறார்கள், முன்புபோல மார்க்குச் சதுக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நடக்க வேண்டியதில்லை.

வெனிஸுக்கும் நமக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. மார்க்கோ போலோ அந்த ஊர்க்காரர். சீனாவிலிருந்து திரும்பும் வழியில் நம் கடற்கரையைப் பார்த்தவர். தூத்துக்குடிப் பக்கத்துக் காயல் துறைமுகத்தையும் முத்துக் குளிப்பையும் அரபு தேசத்திலிருந்து வந்திறங்கிய குதிரைகளையும் பற்றிச் சொல்லியிருக்கிறார். மார்க்குப் பேராலயத்தின் நாலு வெண்கலக் குதிரைகளோ வாங்கியவை அல்ல, 1204-ல் கான்ஸ்டாண்டிநோபிளைக் கொள்ளையடித்துக் கொண்டுவந்தவை. பிறகு நெப்போலியன் பாரிசுக்குத் தூக்கிப்போய், 1815-ல் திரும்பின. மாடத்தில் நிற்பவை நகல், அசல் உள்ளே.

இரண்டாம் தடவை போகிறவர்களுக்கு என் சிபாரிசு முற்றிலும் வேறு. போலோன்யாவில் பெட்டியை வைத்துவிட்டு ரவென்னா போய்வாருங்கள், உள்ளூர் ரயிலில் ஒன்றேகால் மணி. 402-ல் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரான ஊர், 5, 6-ஆம் நூற்றாண்டு மொசைக்குகள் அப்படியே இருக்கின்றன. காலா ப்ளாசிதியா கல்லறை மண்டபம் வெளியிலிருந்து பார்த்தால் செங்கல் கொட்டகை. உள்ளே ஒரு நிமிடம் கண் பழகட்டும், தலைக்குமேல் நீலம் இறங்கும், அதில் தங்க நட்சத்திரங்கள். சான் விதாலே தேவாலயத்தில் பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோதோராவும் சுவரிலிருந்து நம்மையே பார்ப்பார்கள். நான் இத்தாலியில் பார்த்தவற்றில் ஒன்றை மட்டும் மறுபடி பார்க்கலாம் என்றால் அந்த நீலத்தைத்தான் கேட்பேன். போலோன்யா தெருக்களுக்கு மேல் கிலோமீட்டர் கணக்கில் கூரைத் தாழ்வாரங்கள், வெயிலிலும் மழையிலும் நனையாமல் நடக்கலாம். ஆனால் சாப்பாடு முழுக்க இறைச்சி. அந்த வட்டாரத்துப் பியாதீனா ரொட்டியில்கூட வழக்கப்படி பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், ஆலிவ் எண்ணெயில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

வெனிஸுக்கு அரை மணி முன்னால் பாதோவா என்று ஒரு நிலையம் வரும். அங்கே ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயம். ஜொத்தோ 1305 வாக்கில் சுவர் முழுக்கத் தீட்டியது. 25 பேராகத்தான் விடுவார்கள். முதலில் கால் மணி நேரம் கண்ணாடி அறையில் உட்கார்த்தி உள்ளிருக்கும் காற்றை நிதானப்படுத்துவார்கள், அப்புறம் கால் மணி நேரம் பார்க்கலாம். புளோரன்ஸ் இல்லாமல் போகிறவர்களுக்கு ஓவியத்துக்கு இது நல்ல ஈடு என்று சொன்னேன். "படமே வேணாம்னுதானே புளோரன்ஸை அடிச்சோம்" என்று அதையும் அடித்துவிட்டாள். நியாயம்தான்.

ஆக முடிவு இப்படி வந்தது: நேப்பிள்ஸ் 3 இரவு, ரோம் 4, வெனிஸ் 2. ரோமில் இறங்கியதும் நேராக நேப்பிள்ஸ் ரயில். பயணக் களைப்பில் ரோமின் முதல் நாளை வீணாக்குவதைவிட இது மேல். தெற்கிலிருந்து வடக்காக ஒரே கோடு, வெனிஸிலிருந்து விமானம். ரோமில் நாலு நாளில் எந்த நாள் எது என்பதை ஞாயிறு எங்கே விழுகிறது என்று பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். கொலோசியம் டிக்கெட் ஒரு மாதம் முன்னால்தான் திறக்கும், அதற்கு அலாரம் வைக்கச் சொன்னேன். திட்டத்தை அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து போன். "அண்ணா, அத்தை கேக்கறாங்க, பதுவை போற வழியில இருக்கான்னு."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. மாமியார் சுத்த சைவம், நெற்றியில் குங்குமம் இல்லாமல் வாசல் தாண்டாதவர். ஆனால் முப்பது வருடமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் பாரிமுனை அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர். அந்த அந்தோணியாரைப் பதுவை அந்தோணியார் என்றுதானே சொல்வோம். 1231-ல் அவர் இறந்த ஊர், கல்லறை இருக்கும் பேராலயம். ரயில் டிக்கெட்டில் அதற்குப் பெயர் பாதோவா. "ஒரு கோவில்ல உட்கார விட்டா போதும்" என்று அவர் முதல் நாளே சொன்னார், எந்தக் கோவில் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

ரோம்–வெனிஸ் அதிவேக ரயில் பாதோவாவில் நின்றுதான் போகும். காலையில் ரோமில் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் இறங்கலாம், சாயங்காலம் வெனிஸுக்கு அரை மணிதான். இரவு எதையும் குறைக்க வேண்டாம். பெட்டிகளை வைக்க ஒரு இடம் பார்த்துக்கொண்டால் போதும். அதைச் சொன்னதும் பின்னாலிருந்து மாமியார் குரல் கேட்டது. "செவ்வாய்க்கிழமையா பார்த்துப் போடச் சொல்லு."

மறுபடி காலண்டரை எடுத்தேன். பாதோவா செவ்வாய் என்றால் நேப்பிள்ஸில் இறங்குவது முந்தின செவ்வாய். அன்று அருங்காட்சியகம் மூடியிருக்கும், ஆனால் அன்று யாருக்கும் நடக்கத் தெம்பு இருக்காது. புதன் அருங்காட்சியகம், வியாழன் ஹெர்குலேனியமும் எரிமலையும். வெள்ளி ரோம். வாட்டிகனைச் சனிக்கிழமை முடித்துவிட்டால் ஞாயிறு ஃபோரத்துக்கு. திட்டத்தில் வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை, விமானத் தேதியைத் தவிர.